செய்தியா, ஹேஷ்டேக்கா: எது எதை இழுக்கிறது? அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இணையப் போராட்டம் குறித்து

முகிலன் (கேள்வி)

அமெரிக்காவில் இனவெறி சார்ந்த ஒரு சர்ச்சை வெடிக்கும்போது, டிவியும் பத்திரிகையும் அதை எழுதும் விதம் கறுப்பினத்தவரின் இணையச் செயல்பாட்டை எந்தப் பக்கம் திருப்புகிறது என்று ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு வரைவு போட்டுக்கொண்டிருக்கிறேன். படித்தவரை இரண்டு கட்சி இருக்கிறது. "ட்விட்டர்தான் செய்தியை உண்டாக்கியது, ஊடகங்கள் பின்னால் ஓடிவந்தன" என்பது ஒன்று. "டிவி தொடாதவரை எந்த ஹேஷ்டேக்கும் தெருமுனை தாண்டாது" என்பது இன்னொன்று. டிரேவான் மார்ட்டின், ஃபெர்குசன், ஜார்ஜ் ஃபிளாய்ட் மூன்றையும் எடுக்கலாம் என்று யோசனை.

முதலில் நகர்வது யார்? செய்தி வந்ததும் பதிவுகளின் எண்ணிக்கை மட்டும் கூடுகிறதா, பேசுகிற விஷயமே மாறுகிறதா? ட்விட்டர் தரவுக்கான இலவச வழி அடைபட்ட பிறகு இதையெல்லாம் எதை வைத்துக் காட்டுவது? பொதுவான கருத்தைவிட, தேதியும் உதாரணமுமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

செங்கதிர்

ரெண்டு கட்சியும் பாதி சரி. டிரேவான் வழக்கை நாள் வாரியா எழுதிப் பாருங்க, தெரிஞ்சிடும்.

2012 பிப்ரவரி 26 ராத்திரி, ஃபுளோரிடா மாநிலம் சான்ஃபோர்ட். 17 வயசுக் கறுப்பினப் பையன் சுட்டுக் கொல்லப்படறான். சுட்டவர் அந்தக் குடியிருப்பைக் கண்காணிக்கிற தன்னார்வலர், ஜார்ஜ் ஜிம்மர்மேன். தற்காப்புன்னு சொன்னார், போலீஸ் கைது பண்ணல. உள்ளூர்ல சின்னச் செய்தி வந்ததோட சரி. அதுக்கப்புறம் ஒரு வாரத்துக்கு மேல தேசிய ஊடகத்துல ஒண்ணும் இல்ல. இணையத்துலயும் சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல.

இந்த இடைவெளியில நடந்ததுதான் முக்கியம். குடும்பம் பெஞ்சமின் கிரம்ப்னு ஒரு வழக்கறிஞர்கிட்ட போகுது. ரயன் ஜூலிசன்னு ஒரு மக்கள் தொடர்பாளரும் சேர்றார், செய்தியாளர்களைத் தேடித் தேடிப் பேசறார். மார்ச் 7ல ராய்ட்டர்ஸ், 8ல சிபிஎஸ் காலை நிகழ்ச்சி. கைது செய்யச் சொல்லி சேஞ்ச் டாட் ஆர்க் மனு தொடங்கினதும் அப்பதான். அது பின்னாடி 20 லட்சம் கையெழுத்தைத் தாண்டிச்சு. 16ஆம் தேதி அவசர அழைப்பு ஒலிப்பதிவுகள் வெளியாகுது, டிவிக்கு ஓட்டறதுக்கு ஒரு குரல் கிடைக்குது. 21ல நியூயார்க்ல ஹூடி (பையன் போட்டிருந்த தலைமூடிச் சட்டை) ஊர்வலம், 23ல ஒபாமாவே வாய் திறக்கறார், ஏப்ரல் 11ல ஜிம்மர்மேன் மேல கொலைக் குற்றச்சாட்டு.

இதை எர்ஹார்ட் கிரேஃப், மேட் ஸ்டெம்பெக், ஈதன் ஜுக்கர்மேன் மூணு பேரும் 2014ல ஆய்வா வெளியிட்டாங்க. செய்தித் தளங்கள், டிவி, ட்வீட், கூகுள் தேடல், மனுக் கையெழுத்து எல்லாத்தையும் ஒரே காலக்கோட்டுல வெச்சுப் பாத்தாங்க. அவங்க சொன்னது சுருக்கமா: பெருக்கிக் காட்டறதுல டிவிதான் இன்னும் பெரிய கை. ஆனா டிவி எந்தக் கோணத்துல பேசணும்ங்கறதை வெளியில இருக்கிறவங்களால திருப்ப முடியுது. அப்படித் திருப்பினவங்கள்ல வழக்கறிஞர், மக்கள் தொடர்பாளர், மனு போட்டவங்க எல்லாம் இருந்தாங்க. ஜிம்மர்மேன் பக்கம் நின்ன வலதுசாரி வலைப்பதிவர்களும் இருந்தாங்க. மார்ச் கடைசியில பையனோட பள்ளி இடைநீக்கம் திடீர்னு "செய்தி" ஆனது அந்த வழியில்தான்.

அதுக்காக எப்பவும் இதே வரிசைன்னு எழுதிடாதீங்க. 2007ல லூசியானாவின் ஜீனா ஊர்ல ஆறு கறுப்பினப் பையன்கள் வழக்கு. அங்க கறுப்பின வலைப்பதிவர்கள், கறுப்பின வானொலி, கலர் ஆஃப் சேஞ்ச் அமைப்போட மின்னஞ்சல் பட்டியல், இதெல்லாம் சேர்ந்து செப்டம்பர் 20ல பல்லாயிரம் பேரை அந்தச் சின்ன ஊருக்குக் கொண்டுவந்த பிறகுதான் பெரிய ஊடகங்கள் முழிச்சுக்கிச்சு. ஃபெர்குசன் இன்னொரு விதம். மிசௌரி மாநிலத்து ஊர் அது. 2014 ஆகஸ்ட் 9 மத்தியானம் மைக்கேல் பிரவுன்ங்கற கறுப்பின இளைஞரைப் போலீஸ்காரர் சுட்டுக் கொல்றார், உடல் சுமார் நாலு மணி நேரம் தெருவுலயே கிடக்குது. முதல் படங்கள் வந்தது அங்க நின்னுட்டிருந்தவங்க போன்ல இருந்து. செயின்ட் லூயிஸ் நகர்மன்ற உறுப்பினர் அன்டோனியோ ஃபிரெஞ்ச் வைன்ங்கற குட்டி வீடியோ தளத்துல போட்ட வீடியோக்கள் டிவி வண்டிகளை முந்திச்சு. ஆனா நாடு முழுக்க அதைப் பேசினது 13ஆம் தேதி ரெண்டு செய்தியாளர்களையே போலீஸ் பிடிச்சு உள்ள வெச்ச பிறகு. தன் ஆள் மேல கை வெச்சா ஊடகத்துக்கு ரோஷம் வேற மாதிரி வரும்.

ஹேஷ்டேக் பிறந்த தேதியையும் இயக்கம் பிறந்த தேதியையும் ஒண்ணுன்னு எடுத்துக்காதீங்க. பிளாக் லைவ்ஸ் மேட்டர் (கறுப்பினத்தவர் உயிரும் முக்கியம்) ங்கற வாசகம் 2013 ஜூலையில, ஜிம்மர்மேன் விடுதலை ஆனப்ப, அலிசியா கார்ஸா, பாட்ரிஸ் கல்லர்ஸ், ஓபல் டொமெட்டி மூணு பேரால வந்தது. ஒரு வருஷம் அது கிட்டத்தட்ட தூங்கிச்சு. ஃப்ரீலான், மெக்கில்வெய்ன், கிளார்க்ங்கற ஆய்வாளர்கள் எடுத்த கணக்குல 2014 ஜூன் மாசம் முழுக்க அந்த ஹேஷ்டேக் வந்த ட்வீட் 48. ஜூலையில 398. ஆகஸ்ட்ல 52,288. ஊரே கேமராவோட ஃபெர்குசன்ல நின்ன மாசம் அது. ஆனா அப்பவும் ஜனங்க அதிகம் போட்டது ஊர்ப் பேரைத்தான். கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமான்னு முடிவு பண்ற குடிமக்கள் குழு) நவம்பர் 24ல வழக்கில்லைன்னு சொன்ன பிறகுதான் அந்த வாசகம் ஒரு இயக்கத்தோட பேரா நின்னுச்சு.

தாழை

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எண்ணிக்கை கூடுவதைவிட, பேசுகிற விஷயம் மாறுவதுதான் உங்கள் கட்டுரைக்குச் சரக்கு. கறுப்பினத்தவரின் இணையச் செயல்பாட்டில் கணிசமான பகுதி சம்பவத்துக்கு எதிர்வினையே அல்ல. சம்பவத்தைப் பற்றி வந்த செய்திக்கு எதிர்வினை. படம், வினைச்சொல், தலைப்பு என்று குறிப்பான ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் பெரும்பாலும் தொடங்கும்.

இதன் பழைய வடிவத்தை 2005 கத்ரீனா புயலில் காணலாம். நியூ ஆர்லியன்ஸில் மார்பளவு வெள்ளத்தில் நடந்துவரும் இரண்டு படங்கள் யாஹூ செய்தியில் வந்தன. ஏபி செய்தி நிறுவனத்தின் படத்தில் இருந்தவர் கறுப்பின இளைஞர். மளிகைக் கடையைக் "கொள்ளையடித்துவிட்டு" வருகிறார் என்றது படவிளக்கம். ஏஎஃப்பி செய்தி நிறுவனத்தின் படத்தில் இருந்த இருவர் வெள்ளையர் போலத் தெரிந்தார்கள். அவர்களோ ரொட்டியையும் குளிர்பானத்தையும் "கண்டெடுத்துக்கொண்டு" வந்தார்கள். யாரோ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள், அது ஊரெல்லாம் சுற்றியது. கட்டுரையில் சேர்த்தால் மறுபாதியையும் சேருங்கள்: இரண்டும் வெவ்வேறு நிறுவனங்கள், வெவ்வேறு புகைப்படக்காரர்கள். அந்த இளைஞர் கடைக்குள் போய்ப் பொருள் எடுத்ததைத் தங்கள் ஆள் பார்த்தார் என்றது ஏபி. பொருள்கள் தண்ணீரில் மிதந்துவந்தன என்றார் மற்றப் புகைப்படக்காரர். ஒரு ஆசிரியர் உட்கார்ந்து பாகுபாடு செய்தார் என்று இதை வைத்து நிரூபிக்க முடியாது. இரண்டும் ஒரே திரையில் வந்து விழுந்தபோது வாசகருக்கு என்ன தெரிந்தது என்பதை நிரூபிக்கலாம்.

இரண்டு படத்தைப் பக்கத்தில் வைக்கும் அதே உத்தி 2014இல் ஹேஷ்டேக் ஆனது. மைக்கேல் பிரவுன் பட்டமளிப்பு அங்கியில் நிற்கும் படமும் இருந்தது, கையால் சைகை காட்டி நிற்கும் படமும் இருந்தது. சில ஊடகங்கள் இரண்டாவதை எடுத்தன. மறுநாளே "இஃப் தே கன்ட் மீ டவுன்" வந்துவிட்டது: என்னைச் சுட்டுக் கொன்றால் என் படங்களில் எதைப் போடுவீர்கள்? இளைஞர்கள் தங்கள் படத்தையே இரண்டிரண்டாகப் போட்டார்கள், ஒன்று ராணுவச் சீருடையில் அல்லது பட்டமளிப்பில், இன்னொன்று ஏதோ ஒரு விருந்தில். அதில் போலீஸைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முழுக்க முழுக்கப் பத்திரிகைப் படப்பிரிவை நோக்கிய போராட்டம் அது.

செய்தியை நீங்களே குறியீடு செய்வதாக (வகை பிரித்து அடையாளமிடுவதாக) இருந்தால் தலைப்பையும் முதல் மூன்று பத்திகளையும் மட்டும் எடுத்தால் போதும்; முழுக் கட்டுரையையும் எடுத்தால் வேலை முடியாது, பலனும் பெரிதாகக் கூடாது. முதல் மேற்கோள் யாருடையது என்று பாருங்கள்: போலீஸ் பேச்சாளரா, குடும்பமா, நேரில் பார்த்தவரா? வினைச்சொல்லில் செய்தவர் தெரிகிறாரா? "போலீஸ் சுட்டதில் இறந்தார்" என்பதும் "துப்பாக்கிச்சூட்டுச் சம்பவத்தில் இறந்தார்" என்பதும் தனித்தனிக் குறியீடு. இறந்தவரின் பழைய வழக்கு, பள்ளித் தண்டனை, உடலில் போதைப்பொருள் பற்றிய பேச்சு எத்தனையாவது பத்தியில் வருகிறது? போராட்டச் செய்தி என்றால் கோரிக்கை முதலில் வருகிறதா, உடைந்த கண்ணாடி முதலில் வருகிறதா? இரண்டு பேர் தனித்தனியாகக் குறியீடு செய்து ஒப்பிடுங்கள். ஒருவரே செய்தால் இருபதாவது செய்திக்கு மேல் கை தானாகச் சாய ஆரம்பிக்கும்.

கண்ணாடியை முதலில் சொல்லும் பழக்கத்துக்கு ஊடக ஆய்வில் தனிப் பெயரே உண்டு, போராட்டச் சட்டகம் என்று. டேனியல் கில்கோவும் சம்மர் ஹார்லோவும் டெக்சஸ் பத்திரிகைகளின் 2017 செய்திகளை எடுத்துப் பார்த்தார்கள். கறுப்பினத்தவருக்கு எதிரான இனவெறியைக் கண்டித்த போராட்டங்களும் பூர்வகுடிகளின் போராட்டங்களும் வன்முறை, இடையூறு என்ற சட்டகத்தில் அதிகம் விழுந்தன. பெண்கள் ஊர்வலம் போன்றவற்றில் கோரிக்கைக்கு அதிக இடம் கிடைத்தது. 1967 நகரக் கலவரங்களை ஆராய்ந்த கெர்னர் ஆணையத்தின் 1968 அறிக்கையிலேயே பத்திரிகைகளுக்கென்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. வெள்ளையர் உலகத்தின் கண்ணால் மட்டும் பார்த்து எழுதுகிறீர்கள் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். உங்கள் பின்னணிப் பகுதியை அங்கிருந்து தொடங்கலாம்.

ஊடகம் அனுதாபப் பக்கம் சாய்ந்து தப்புச் செய்தாலும் அடி இயக்கத்துக்குத்தான். ஜிம்மர்மேன் போலீஸுக்குச் செய்த தொலைபேசி அழைப்பை என்பிசி டிவி வெட்டி ஒட்டி ஒளிபரப்பியது. பையன் வெள்ளையனா, கறுப்பனா, ஹிஸ்பானிக்கா என்று அழைப்பை எடுத்தவர் கேட்ட கேள்வி நடுவில் காணாமல் போனது. ஜிம்மர்மேன் தானாகவே நிறத்தைச் சொன்னது போலக் கேட்டது. அது அம்பலமானதும் எதிர்த்தரப்பு மாதக்கணக்கில் அதையே பேசியது. ஃபெர்குசனில் "கையைத் தூக்கிவிட்டேன், சுடாதே" என்ற முழக்கமும் அப்படித்தான். 2015 மார்ச் 4 அன்று அமெரிக்க மத்திய அரசின் நீதித்துறை இரண்டு அறிக்கை வெளியிட்டது. பிரவுன் கையைத் தூக்கிச் சரணடைந்தார் என்ற சாட்சியங்களை நம்பத்தகுந்தவையாக ஏற்கவில்லை ஒன்று. ஃபெர்குசன் போலீஸ் கறுப்பினத்தவரின் அரசியல் சட்ட உரிமைகளைத் தொடர்ந்து மீறிவந்தது என்று பக்கம் பக்கமாக நிறுவியது மற்றது. யார் எந்த அறிக்கையைப் பகிர்ந்தார்கள் என்பதே ஒரு தனி ஆய்வு.

எண் கூடச் செய்தியிலிருந்து ஒட்டிக்கொள்ளும். 2020 மே 25 அன்று ஃபிளாய்ட் கழுத்தில் போலீஸ்காரரின் முழங்கால் இருந்த நேரம் 8 நிமிடம் 46 நொடி என்று முதல் குற்றப்பத்திரிகையில் இருந்தது. ஊடகம் அதையே சொன்னது, மௌன அஞ்சலிகள் அந்தக் கணக்கில் நடந்தன, எண்ணே ஒரு சின்னம் ஆனது. 2021 விசாரணையில் அரசுத் தரப்பு சொன்ன நேரம் 9 நிமிடம் 29 நொடி. பழைய எண் பதிவுகளில் அப்படியே நின்றுவிட்டது. ஒரு பதிவர் எந்த எண்ணை எழுதுகிறார் என்று பார்த்தால், அவர் எந்த மாதச் செய்தியோடு நின்றுவிட்டார் என்றுகூட ஓரளவு ஊகிக்கலாம்.

வடகாற்று

மேலே சொன்ன ரெண்டு பேருமே வெடிச்ச வழக்குகளை மட்டும் வெச்சுப் பேசறீங்க. வெடிக்காததைச் சேர்க்கலன்னா இந்த ஆய்வுக்கு அர்த்தமே இல்ல. மூணு வழக்கும் ஆண்கள். மூணுமே ஊரே அறிஞ்சது. "செய்தி வந்தா செயல்பாடு வரும்"னு ஏற்கெனவே முடிவு பண்ணிட்டுத் தேர்ந்தெடுத்த மாதிரி இருக்கு.

பிரியானா டெய்லரைச் சேருங்க. 2020 மார்ச் 13, கென்டக்கி மாநிலம் லூயிவில். சோதனைக்குன்னு நடுராத்திரி கதவை உடைச்சு வந்த போலீஸ் சுட்டுக் கொன்னது. வீடியோ கிடையாது. உள்ளூர்ப் பத்திரிகை எழுதுச்சு, தேசிய ஊடகம் மே வரைக்கும் திரும்பிப் பாக்கல. குடும்பம் வழக்குப் போட்டு, அதே கிரம்ப் உள்ள வந்து, அதே மே மாசம் அஹ்மத் ஆர்பெரி வீடியோவும் ஃபிளாய்ட் வீடியோவும் வந்த அலையிலதான் இவங்க பேரும் மேல வந்துச்சு. ஜார்ஜியாவுல வெள்ளையர்கள் துரத்திச் சுட்ட ஆர்பெரி கொலை நடந்தது பிப்ரவரி 23. வீடியோ வெளிவந்தது மே 5. கைது மே 7. ரெண்டரை மாசமா நகராதது ரெண்டே நாள்ல நகர்ந்துச்சு.

பெண்கள் பேர் விட்டுப்போறதைச் சொல்லத்தான் கிம்பர்லே கிரென்ஷா முன்னின்ற ஆஃப்ரிக்கன் அமெரிக்கன் பாலிசி ஃபோரம் 2014 டிசம்பர்லயே "சே ஹெர் நேம்" (அவள் பெயரைச் சொல்) தொடங்கினாங்க. அது ஊடகம் எழுதின செய்திக்கு வந்த பதில் இல்ல, எழுதாத செய்திக்கு வந்த பதில். உங்க சட்டகத்துல இதுக்கு ஒரு இடம் வேணும்.

ஆனா பேர் மேல வந்ததும் இன்னொரு சிக்கல். பிரியானாவைக் கொன்னவங்களைக் கைது பண்ணுங்கங்கற வாசகத்தை சம்பந்தமே இல்லாத செல்ஃபிக்குக் கீழ, சமையல் குறிப்புக்குக் கீழ எல்லாம் போட்டாங்க. பேர் பரவுச்சு, கோரிக்கை கேலி மாதிரி ஆயிடுச்சுன்னு கறுப்பினப் பெண்களே கண்டிச்சு எழுதினாங்க. லூயிவில் நகரம் 1 கோடியே 20 லட்சம் டாலர் இழப்பீடு குடுத்துச்சு, முன்னறிவிப்பில்லாத சோதனை வாரண்டைத் தடை பண்ணுச்சு. செப்டம்பர்ல கிராண்ட் ஜூரி அவங்க சாவுக்காக யார் மேலயும் குற்றம் சாட்டல.

அப்புறம் பிரபலங்கள் சர்ச்சையைப் போலீஸ் வழக்கோட ஒரே அட்டவணையில போடாதீங்க. 2013 ஜூன்ல சமையல் நிகழ்ச்சிக்காரர் பாலா டீன் கொடுத்த வாக்குமூலம் வெளியாச்சு, இனவசைச் சொல்லைச் சொன்னதுண்டுன்னு. கறுப்பின ட்விட்டர், அதாவது அங்க இருக்கிற கறுப்பினத்தவர் வட்டம், உணவுப் பேரையெல்லாம் இனவெறி ஏளனமா மாத்தி ஒரே நாள்ல சிரிச்சுத் தீர்த்துச்சு, ஃபுட் நெட்வொர்க் சேனல் ரெண்டு நாள்ல கைகழுவிடுச்சு. 2014 ஏப்ரல் 25ல கூடைப்பந்து அணி உரிமையாளர் டொனால்ட் ஸ்டெர்லிங் பேசின ஒலிப்பதிவு. விளம்பரதாரர்கள் ஓடினாங்க, 29ஆம் தேதி வாழ்நாள் தடை, 25 லட்சம் டாலர் அபராதம். நாலு நாள்! ஏன் இவ்வளவு வேகம்னா, அங்க ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு சொல், பின்னாடி விளம்பரதாரர். அழுத்த வேண்டிய இடம் தெளிவா தெரியுது. போலீஸ் துறைக்கு விளம்பரதாரர் கிடையாது.

இன்னும் ஒண்ணு. அதே ஸ்டெர்லிங் வாடகைக்கு வீடு விடறதுல இனப் பாகுபாடு காட்டினார்னு நீதித்துறை போட்ட வழக்கை 2009ல 27 லட்சம் டாலருக்கு மேல கொடுத்துத் தீர்த்துக்கிட்டார். நிஜமான ஆட்களுக்கு நிஜமா வீடு கிடைக்காம போன விஷயம் அது. டிவியும் பெருசாக் கண்டுக்கல, ஹேஷ்டேக்கும் இல்ல. சொல்லுக்கு வர்ற கோபம் வாடகை ஒப்பந்தத்துக்கு வர்றதில்ல. ஏன்னா ஒலிப்பதிவை ஓட்டலாம், ஒப்பந்தத்தை ஓட்ட முடியாது.

முகிலன்

@வடகாற்று, பிரியானா டெய்லரைச் சேர்த்துவிட்டேன், பாலா டீன் வகையைச் சேர்க்கப்போவதில்லை. @தாழை, குறியீட்டுப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இனித் தரவு. 2020 மே, ஜூனில் பிளாக் லைவ்ஸ் மேட்டர் எண்ணிக்கையை வைத்து வரைபடம் போட்டால், டிவி நேரத்தோடு அச்சாகப் பொருந்துகிறது. அதையே முடிவாக எழுதலாமா?

அட்டவணை

எழுதாதீங்க. அந்த ரெண்டு மாசத்துல எல்லாமே எல்லாத்தோடயும் பொருந்தும்.

பியூ ஆய்வு மையத்தின் கணக்கில் 2020 மே 26 முதல் ஜூன் 7 வரை அந்த ஹேஷ்டேக் ட்விட்டரில் சுமார் 4 கோடியே 78 லட்சம் தடவை வந்திருக்கு, நாளுக்குச் சராசரி 37 லட்சம். அதில் யார் போராடுறவங்க, யார் சும்மா எட்டிப் பாத்தவங்க, யார் எதிர்க்கிறவங்க? எண் சொல்லாது. ரெண்டு பொறி சொல்றேன், ரெண்டும் உங்க வரைபடத்துக்குள்ளயே இருக்கு.

ஜூன் 2, கறுப்புச் சதுர நாள். இசைத் துறையில் வேலை செய்யும் ரெண்டு கறுப்பினப் பெண்கள், அன்றைக்குத் தொழிலை நிறுத்துவோம்னு ஆரம்பிச்சது. அது இன்ஸ்டாகிராமில் கறுப்புச் சதுரம் போடறதா மாறி, சுமார் 2 கோடியே 80 லட்சம் சதுரம் விழுந்துச்சு. பலர் அதோட பிளாக் லைவ்ஸ் மேட்டர் ஹேஷ்டேக்கையும் போட்டுட்டாங்க. ஜாமீன் நிதி எங்கே கட்டறது, ஊர்வலம் எந்தத் தெருவுல, யாருக்கு மருத்துவ உதவி வேணும்னு அந்த ஹேஷ்டேக்கில் தேடினவங்களுக்குத் திரை முழுக்கக் கறுப்பு. அதை எடுத்துடுங்கன்னு அமைப்பாளர்கள் கெஞ்சினாங்க. உங்க வரைபடத்தில் அது உச்சம். களத்தில் அது அடைப்பு.

மறுநாள் ஜூன் 3, கே-பாப் ரசிகர்கள் வெள்ளையர் ஆதரவு ஹேஷ்டேக்கைப் பாடகர் வீடியோக்களால் மூழ்கடிச்சாங்க. எண்ணிக்கையை மட்டும் பாத்தா வெள்ளை இனவாதம் பொங்கின நாள் மாதிரி தெரியும். உள்ளே பாத்தா நேர் எதிர். ஒவ்வொரு உச்சத்திலிருந்தும் சீரற்ற முறையில் 200 பதிவாவது எடுத்துக் கண்ணால் படிக்காம எதையும் முடிவு பண்ணாதீங்க.

இப்போ கிடைக்கிற தரவு. செய்தித் தளங்களுக்கு மீடியா கிளவுட், இணையச் செய்திகளைத் திரட்டித் தேட விடற கருவி. டிரேவான் ஆய்வுக்குப் பயன்பட்டதும் அதுதான். அமெரிக்கத் தேசியத் தளங்களின் தொகுப்பையும் அந்தந்த மாநிலத் தொகுப்பையும் தனித்தனியா ஓட்டுங்க. ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற நாள் இடைவெளிதான் உங்களுக்கு வேண்டிய எண். டிவிக்கு இன்டர்நெட் ஆர்கைவின் டிவி செய்திக் காப்பகம், 2009லிருந்து அமெரிக்க ஒளிபரப்புகளின் வசன வரிகளைத் தேடலாம். ஜிடெல்ட் என்கிற தரவுத் திட்டம் அதையே 15 நொடித் துண்டுகளா எண்ணி, மொத்த ஒளிபரப்பில் எத்தனை சதவீதம்னு தரும். வெறும் எண்ணிக்கையை விட்டுட்டுச் சதவீதத்தையே எடுங்க. வசன வரியில் பேர்களைத் தப்புத் தப்பா அடிச்சிருப்பாங்க. டிரேவானுக்கு நாலைஞ்சு எழுத்துக்கோர்வை, அஹ்மத், பிரியானாவுக்கு இன்னும் மோசம். சரியான எழுத்தில் மட்டும் தேடினா முதல் சில நாட்கள், அதாவது உங்களுக்கு அவசியமான நாட்கள், குறைச்சலா காட்டும்.

ட்விட்டருக்கு, ஆய்வாளர்களுக்கான இலவச வழி 2023ல் போச்சு. மிச்சம் இருப்பது பழைய தொகுப்புகள். ஃபெர்குசன்னு சொன்ன ட்வீட்கள் 2014 ஆகஸ்ட் 10 முதல் 27 வரை, 1 கோடியே 30 லட்சத்துக்கு மேல, அப்பவே சேகரிச்சாங்க. டாக்குமென்டிங் தி நவ் திட்டம் கிளம்பினது அந்த வேலையிலிருந்துதான். தேதியைப் பாருங்க: 9ஆம் தேதி அதில் இல்ல. யார் முதல்னு கேக்கிற ஆய்வுக்கு அந்த நாள் இல்லாதது பெரிய ஓட்டை. தவிர இப்படிப்பட்ட தொகுப்புகளில் பொதுவெளியில் கிடைப்பது ட்வீட்டின் அடையாள எண் மட்டும். முழு ட்வீட்டா மாத்த மறுபடி ட்விட்டர்கிட்டதான் போகணும், இப்போ அதுக்குக் காசு. அழிச்ச ட்வீட் எந்தக் காசுக்கும் வராது. வழக்கும் மிரட்டலும் வந்தவங்கதான் முதலில் அழிப்பாங்கங்கறதால மிச்சம் இருப்பது ஒரு பக்கம் சாய்ஞ்ச படம்.

நேரத்தில் தப்பு பண்ணாதவங்க குறைவு. ட்வீட்டின் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். ஆகஸ்ட்டில் ஃபெர்குசன் அதுக்கு 5 மணி நேரம் பின்னாடி, நியூயார்க் 4 மணி. 9ஆம் தேதி சாயந்திரம் 7 மணிக்கு மேல ஃபெர்குசனில் போட்டது எல்லாம் உங்க கோப்பில் 10ஆம் தேதியா இருக்கும். டிவி நேரத்தை நியூயார்க் கணக்கில் விட்டுட்டு ட்வீட்டை பொது நேரத்தில் விட்டா, டிவிதான் முந்தினதுன்னு ஒரு பொய்யான முடிவு அழகா வந்து நிக்கும். எல்லாத்தையும் ஒரே நேரத்துக்கு மாத்தி, நாள் கணக்கை விட்டுட்டு மணிக் கணக்கில் ஒப்பிடுங்க.

போலிக் கணக்குகளைக் கழிக்கணும். ரஷ்யாவின் இன்டர்நெட் ரிசர்ச் ஏஜென்சி நடத்தின "பிளாக்டிவிஸ்ட்" ஃபேஸ்புக் பக்கத்துக்கு பிளாக் லைவ்ஸ் மேட்டரின் சரிபார்க்கப்பட்ட பக்கத்தைவிட அதிக ஆதரவு இருந்தது. 2018ல் அம்பலமானது இன்னொன்று: இயக்கத்தின் பேரில் ஃபேஸ்புக்கில் இருந்த மிகப் பெரிய பக்கத்தை நடத்தினவர் ஆஸ்திரேலியாவில் இருந்த ஒரு வெள்ளையர், நன்கொடையும் வசூல் ஆயிருந்தது. ரஷ்யக் கணக்குகளின் பட்டியலை ட்விட்டர் 2018 அக்டோபரில் வெளியிட்டது, அதோட ஒப்பிட்டுக் கழிச்சிடுங்க.

செங்கதிர்

ஒரு சேர்க்கை. ட்விட்டரை வெச்சு "சமூக ஊடகம்"னு பொதுவா எழுதாதீங்க. ஃபெர்குசன் வாரத்துல ட்விட்டர் முழுக்க கண்ணீர்ப்புகை, ஃபேஸ்புக் முழுக்க ஐஸ் வாளி சவால். சமூகவியலாளர் ஜெய்னப் டுஃபெக்சி அப்பவே இதைச் சுட்டிக்காட்டினாங்க: நேர வரிசையா காட்டற தளத்துல போராட்டம் மேல வந்துச்சு, எதைக் காட்டறதுன்னு நிரல் முடிவு பண்ற தளத்துல அமுங்கிப்போச்சு. டிவி வந்த பிறகுதான் ஃபேஸ்புக்குல ஃபெர்குசன் பாத்தவங்க நிறைய பேர். அதனால "டிவிதான் இழுத்துச்சு"ங்கறது ஃபேஸ்புக்குக்கு உண்மையாவும் ட்விட்டருக்குப் பொய்யாவும் ஒரே நேரத்துல இருக்கலாம்.

தாழை

மேற்கோள் காட்டுவது பற்றி ஒன்று. ட்வீட் பொதுவெளியில்தானே இருக்கிறது என்று பயனர் பெயரோடு கட்டுரையில் ஒட்டாதீர்கள். ஜியோஃபீடியா என்ற நிறுவனம் போராட்டக்காரர்களின் பதிவுகளை இடம் வாரியாகத் திரட்டிப் போலீஸுக்கு விற்றுவந்ததை 2016இல் குடியுரிமைகளுக்காக வாதாடும் அமைப்பான ஏசிஎல்யூவின் கலிஃபோர்னியா பிரிவு வெளிக்கொண்டுவந்தது. அதன் பிறகே ட்விட்டரும் ஃபேஸ்புக்கும் அதற்குத் தரவு தருவதை நிறுத்தின. பிரபலமானவர், அமைப்பின் பேச்சாளர், செய்தியாளர் என்றால் பெயர் போடலாம். மற்றவர்களின் வரியைத் தேடுபொறியில் போட்டால் ஆள் கிடைத்துவிடாத அளவுக்கு மாற்றி எழுதுங்கள். மாற்றி எழுதியதை அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள்.

முகிலன்

அப்படியானால் நான்கு வழக்கு அதிகமோ? பக்க வரம்பு 40.

அட்டவணை

அதிகம். ஆர்பெரி, பிரியானா ரெண்டை மட்டும் எடுங்க. ரெண்டும் 2020, மூணு வார இடைவெளி, ரெண்டிலும் உள்ளூர்ச் செய்தி முதலில், தேசியச் செய்தி பெருசா வந்தது மே மாசம். ஒண்ணில் வீடியோ உண்டு, இன்னொண்ணில் இல்ல. பிப்ரவரி 23 முதல் மே 25 மதியம் வரைக்கும் எடுத்து அங்கேயே கோடு போட்டு நிறுத்துங்க. ஃபிளாய்ட் அலை உள்ளே வந்தா பிரிச்செடுக்கவே முடியாது. முதலில் மாநிலத் தொகுப்பை மட்டும் ஓட்டி, ஜார்ஜியாவிலும் கென்டக்கியிலும் தலா எத்தனை செய்தின்னு எண்ணுங்க. பிரியானாவுக்கு மார்ச் செய்திகளில் போலீஸ்காரரைச் சுட்டார்னு அவங்க காதலர் கைதானதுதான் தலைப்பா இருக்கும், அவங்க பேர் உள்ளே எங்கேயாவது இருக்கும். அதனால அவங்க பேரை மட்டும் தேடாம போலீஸ்காரர் சுடப்பட்டார், சோதனை வாரண்ட், லூயிவில்னும் சேர்த்துத் தேடுங்க.